எல்லாம் பச்சையாக இருந்த காலை

நம்முடைய ரத்த இருப்பு இணையப் பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்ற வார்த்தை பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்னதாக ஒரு கோடு போடலாமே என்று புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரோ கேட்டிருக்கிறீர்கள். உங்களோடு வேலை செய்யும் செல்வி போன் செய்து சொன்னாள். “அக்கா, நீங்களே ஒரு தடவ வந்து பேசிட்டுப் போங்க. நான் சொன்னா பழைய கதைய எடுத்துட்டாங்கன்னு சிரிக்குதுங்க” என்றாள். பேச வந்தால் எனக்கு நடுவில் கோபம் வந்துவிடும். எழுதித் தருகிறேன் என்றேன். ரிடையர் ஆனவளிடம் எழுதச் சொன்னால் சுருக்கமாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் பெரிய பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, வேலைக்குத் தாமதமாக வந்த நாட்கள் உண்டு. வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் இந்த வேலையில் இது வியாதி இல்லை, தகுதி. தைரியசாலிகள் வந்தார்கள், நன்றாகப் பேசினார்கள், நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனதைப் பயந்தவர்கள்தான் உட்கார்ந்து சரி செய்தோம்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறவர்கள் ஒரு மாடியில் இருப்பார்கள், சர்வரைப் பார்த்துக்கொள்கிற நாங்கள் இன்னொரு மாடியில் இருப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிதாக எழுதியதை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து எங்கள் தலையில் இறக்கிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அது ஓடாமல் படுத்துக்கொண்டால் ராத்திரியெல்லாம் நாங்கள் முழிப்போம். திங்கட்கிழமை கேட்டால், “எங்க மெஷின்ல நல்லாதானே ஓடுச்சு” என்பார்கள். டெவ்ஆப்ஸ் என்று நீங்கள் பெரிய பேராகச் சொல்வது இந்த இரண்டு மாடியையும் ஒரே மாடியாக்கியதைத்தான். எழுதியவரே ராத்திரி போனையும் எடுக்க வேண்டும். மாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட வேண்டும், வெளியிடும் முன் மெஷினை விட்டே சோதிக்க வேண்டும், வெளியிட்ட பிறகு கண்ணை எடுக்கக் கூடாது, சரியில்லை என்றால் பழையதற்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். இதையெல்லாம் இன்டர்வியூவில் ஒப்பித்துத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். ஒப்பிப்பது சுலபம். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது ஞாபகம் வர வேண்டும், அதுதான் கஷ்டம்.

அப்போதும் நம் ஆபீஸ் இதே திண்டிவனம் ரோட்டில், டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அதைப் போட்டோ எடுப்பார்கள். மலை மேல் மேகம் இறங்கினால் கரண்ட் போகும் என்பதற்காக மட்டும் நாங்கள் அதைப் பார்ப்போம். எங்கள் கையில் இருந்த வேலை அந்த ரத்த இருப்புப் பக்கம். சுற்று வட்டாரத் தனியார் ரத்த வங்கிகளில் எந்த வகை ரத்தம் எத்தனை யூனிட் இருக்கிறது என்று அது காட்டும். செஞ்சியிலிருந்து திண்டிவனம் ஒரு பக்கம், விழுப்புரம் ஒரு பக்கம், திருவண்ணாமலை நேர் எதிர்ப்பக்கம். ரத்தம் வாங்கப் போகிறவர் தப்பான ரோட்டில் வண்டியைத் திருப்பிவிட்டால் போனதும் வீண், வந்ததும் வீண். அதனால் நர்சிங் ஹோம்காரர்கள் எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆளை அனுப்புவார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. ஏதாவது ஒரு வங்கியிலிருந்து தகவல் வராமல் போனால் அந்தக் கட்டம் வெறுமையாகிவிடும். நர்சுகள் போன் செய்து திட்டுவார்கள். அதற்கு எங்களில் ஒருவர் ஒரு வழி எழுதினார்: புதுத் தகவல் வரவில்லை என்றால் கடைசியாக வந்த எண்ணையே காட்டு. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டேன், ‘அவர்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட இருந்த எல்லோரும் பார்த்துத் தலையாட்டினோம். சோதனைகள் எல்லாம் தேறின. தகவல்களைச் சேமித்து வைக்கும் முறையை மாற்றுகிற இன்னொரு பெரிய வேலையும் அப்போது முடிந்திருந்தது. சென்னையில் இருந்த எங்கள் மேனேஜர், “ரெண்டையும் ஒண்ணா சேர்த்து விட்டுடுங்க, கிளையண்ட்டுக்குக் காட்டணும்” என்றார். சேர்த்தே விட்டோம்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. ஒரு இடத்தில்கூடச் சிவப்பு இல்லை. சென்னையிலிருந்து கைதட்டுகிற படமெல்லாம் அனுப்பினார்கள். எனக்கு மட்டும் அந்தப் பச்சை பிடிக்கவில்லை. எதற்கு என்று உடனே புரியவில்லை. இருப்புப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா அக்கா, செவப்பா இருந்தாலும் டென்ஷன், பச்சையா இருந்தாலும் டென்ஷனா?” என்றாள் செல்வி. அப்போது அவள் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, ஆனால் வாய் இதே வாய்தான்.

“ஒரு நம்பர் கூட நகரல செல்வி. காலையிலிருந்து பாக்கறேன். ஒரு ஊர்லயும் யாருக்கும் ரத்தம் ஏத்தலயா?”

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். திண்டிவனத்தில் ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் என்று காட்டியது. முந்தின நாள் நான் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அதே இரண்டு. அந்த வங்கிக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவே நேரமாயிற்று.

“ஓ நெகட்டிவா? அது நேத்து சாயங்காலமே போயிடுச்சே மேடம். இப்ப ஒண்ணும் இல்ல.”

நடந்தது இதுதான். சேமிக்கும் முறையை மாற்றியதில், வங்கிகளின் தகவல் உள்ளே வரும் வழியே அடைத்துக்கொண்டுவிட்டது. எந்த ஊரிலிருந்தும் எதுவும் வரவில்லை. பக்கமோ, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி, எல்லாக் கட்டத்திலும் கடைசியாக வந்த எண்ணைச் சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. கண்காணிப்புக்கு நாங்கள் வைத்திருந்த கேள்வி ஒன்றே ஒன்று: பக்கம் திறக்கிறதா? திறந்தது. அதனால் பச்சை. பக்கம் உண்மை சொல்கிறதா என்று யாரும் கேட்கச் சொல்லவில்லை.

பழைய பதிப்புக்குத் திரும்பப் பார்த்தோம். முடியவில்லை. இரண்டு வேலையை ஒன்றாகக் கட்டிவிட்டோமே, புது முறையில் அடுக்கி வைத்த தகவலைப் பழைய பதிப்பால் படிக்க முடியவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “டென்ஷன் ஆகாதீங்க. ஃபிக்ஸ் எழுதிடுங்க, பத்து நிமிஷ வேலை. அதுவரைக்கும் பக்கத்த மட்டும் எடுத்துடாதீங்க. கிளையண்ட் பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றார். நம் தொழிலில் பத்து நிமிஷம் என்று யாராவது சொன்னால் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். அது உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

அவர் லைனில் இருக்கும்போதே இன்னொரு போன் அடித்தது. செஞ்சியிலேயே ஒரு நர்சிங் ஹோமிலிருந்து ஒரு நர்ஸ்.

“மேடம், டெலிவரி கேஸ். தொண்டூர் பொண்ணு. பிளீடிங் நிக்கல. ஓ நெகட்டிவ். உங்க பக்கத்துல திண்டிவனத்துல ரெண்டு காட்டுது, போன் போட்டா பிஸியாவே இருக்குது. வீட்டுக்காரர சாம்பிள் குடுத்து வண்டில அனுப்பிட்டோம். அது போதலன்னா வேற எங்கன்னா இருக்குதா, பாத்துச் சொல்லுங்க.”

“எப்ப கிளம்பினாரு?”

“இந்நேரம் பாதி ரோடு போயிருப்பாரு.”

ஒரு காதில் அந்தப் போன், இன்னொரு காதில் மேனேஜர். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. பக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாகப் பெரிய எழுத்தில் போட்டேன்: ‘இருப்பு விவரம் இப்போது தெரியவில்லை. ரத்த வங்கிக்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.’ கீழே எல்லா வங்கிகளின் போன் எண்களும். கண்காணிப்புத் திரை மொத்தமும் சிவந்தது.

“யாரக் கேட்டு எடுத்தீங்க?” என்று மேனேஜர் கத்தினார்.

“யாரையும் கேக்கல சார். என்னை வேலைய விட்டு எடுக்கணும்னா சாயங்காலமா எடுத்துக்கங்க. இப்ப லைன விடுங்க, போன் வேணும்” என்று வைத்துவிட்டேன். பயந்தாங்கொள்ளிதான், ஆனால் எனக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் ஆட்களுக்குப் பக்கம் விழுந்துவிடுவதுதான் பெரிய பயம். அன்றைக்கு எனக்கு வந்த பயம் வேறு. பக்கம் விழுந்தால் ஜனங்கள் நம்மைத் திட்டிவிட்டு நாலு இடத்தில் போன் செய்து கேட்பார்கள். பொய் சொல்லும் பக்கம் எழுந்து நின்றால் நம்மை நம்பி வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். எது பெரிய கெடுதல் என்று முடிவு செய்ய அந்த நேரத்தில் யாரும் உங்களுக்கு மீட்டிங் போட்டுத் தர மாட்டார்கள்.

நர்சிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்தாள். ஏழுமலை என்று பேர். அடித்தேன், அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார்.

செல்விக்கு ஒரு யோசனை வந்தது. அவளுடைய சித்தப்பா அதே ரோட்டில் தீவனூரில் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

“சித்தப்பா, செஞ்சி பக்கமிருந்து வெள்ள தெர்மாகோல் பெட்டி மாட்டிக்கினு ஒரு வண்டி வரும். கைய காட்டி நிறுத்துங்க. உசுரு சமாச்சாரம்.”

“மீன்காரன் கூடதான் பெட்டி மாட்டிக்கினு போறான். எந்தப் பெட்டின்னு நான் கண்டேன்?”

“எல்லாப் பெட்டியையும் நிறுத்துங்க.”

அவர் ரோட்டுக்கு நடுவிலேயே போய் நின்றிருக்கிறார். முதலில் மாட்டியது மீன்காரர்தான். போனிலேயே அந்தத் திட்டு எங்களுக்குக் கேட்டது. அடுத்து வந்தது ஏழுமலை.

“யாரு மேடம்? இன்னா ஆச்சு? என் சம்சாரத்துக்கு ஏதாவதா?”

“அவங்க இருக்காங்க. திண்டிவனத்துல ரத்தம் இல்லங்க. ரத்த இருப்பு காட்டற எங்க பக்கத்துல தப்பா காட்டிடுச்சு. வேற இடத்துல கேட்டுக்கிட்டு இருக்கோம்.”

“நான் இப்ப போவட்டுமா, வரட்டுமா?”

“அங்கயே நில்லுங்க, சொல்றேன்” என்றேன். வேறு என்ன சொல்வது. ஒருவர் விழுப்புரத்துக்கு, ஒருவர் திருவண்ணாமலைக்கு, ஒருவர் புதுச்சேரிக்கு என்று ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு இடத்திலும் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டை இன்றைக்கு எங்கே கேட்டாலும் எனக்கு வாய் உலர்ந்துவிடும்.

விழுப்புரத்தில் ஒரு வங்கியில் இருந்தது. “எடுத்து வைக்கறோம். ஆனா பேஷண்ட் சாம்பிள் வந்தாதான் ஒத்துப்பாத்துத் தருவோம்” என்றார்கள். நர்சைக் கூப்பிட்டு இன்னொரு சாம்பிள் எடுக்கச் சொன்னேன். தீவனூரில் நின்ற ஏழுமலைக்குச் சொன்னோம்: திரும்பி வாங்க, ஆள் விழுப்புரம் போகுது.

யார் போவது என்று திரும்பிப் பார்த்தேன். அந்த மாற்றத்தை எழுதியவர் திரையை விட்டு நகராமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். விரல் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

“அத மூடு. கீழ கடைக்காரர் கார் எடுக்கறேன்னு சொல்லிட்டாரு. சாம்பிள வாங்கிட்டு விழுப்புரம் போய் வா.”

“நான்தான் கெடுத்தேன் அக்கா. நான்தான் சரி பண்ணணும்.”

“நடுங்கற கையால கோட் எழுதினா ரெண்டாவது தப்பும் அதுலதான் வரும். செல்வி எழுதட்டும். நீ போ.”

அழுதுகொண்டேதான் போனார். என்னைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைத்திருக்கலாம். ஆனால் உடைத்தவர் கையிலேயே உடனே சுத்தியலைக் கொடுக்கக் கூடாது. அவருக்கு ஒரு வேலை வேண்டும், திரையில் மட்டும் வேண்டாம். அவர் போன பிறகு செல்வி எழுத, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க, பத்து நிமிஷ வேலை சாயங்காலம்தான் முடிந்தது.

மண்டகப்பட்டு தாண்டிட்டோம், விழுப்புரம் வந்துட்டோம், சாம்பிள் குடுத்துட்டோம், ஒத்துப்போச்சு, திரும்பறோம் என்று கடைக்காரர் போன் செய்துகொண்டே இருந்தார். இடையில் ஒரு முறை நர்ஸ் கூப்பிட்டு, “எங்க வர்றாங்க?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டு செல்வி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். யாரும் சாப்பிடவில்லை. ரத்தம் வந்து சேரும்வரை அந்தப் பெண்ணை டாக்டரும் நர்சுகளும்தான் இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. அதில் நமக்கு ஒரு பெருமையும் கிடையாது.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் திரையில் வந்ததும் முதல் கேள்வி, “யார் பண்ணது?” நம் அறையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். என்ன நடந்தது, எது நடக்க விட்டது என்று கேட்போம். யார் என்று கேட்க மாட்டோம். “நாங்க பண்ணது சார்” என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. இது பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள், சுயநலம். ஒரு தரம் பேரைக் கேட்டு ஒருவரை நிற்க வைத்துவிட்டால், அடுத்த தரம் தப்பு செய்தவர் வாயைத் திறக்க யோசிப்பார். அவர் யோசிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் வண்டியைக் கிளப்பியிருப்பார். அந்த மீட்டிங்கில்தான் இன்று நீங்கள் பார்க்கும் முறைகள் வந்தன. இரண்டு வேலையை ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. திரும்பி வரும் வழியை ஒருமுறை போய்ப் பார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும். பக்கம் திறக்கிறதா என்பதோடு, எண்ணுக்கு எவ்வளவு வயதாயிற்று என்றும் கண்காணிப்பு கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மேனேஜர், பழைய எண்ணுக்குப் பதில் என்ன காட்டுவது என்பதில் மட்டும் முரண்டு பிடித்தார். வெறும் கட்டம் இருக்கட்டும் என்றார். அது முடிவாகாமலே நின்றது.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஏழுமலை ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை. தன் நிலத்தில் விளைந்த கடலை, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று மேஜையில் வைத்தார்.

“நீங்க இல்லன்னா என் சம்சாரம் இல்ல மேடம்” என்றார். கண் கலங்கியிருந்தது.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செல்வி கடலைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மூலையிலிருந்து, விழுப்புரம் போய் வந்த அவர் எழுந்து நின்றார்.

“அண்ணே, அன்னிக்கு உங்கள திண்டிவனம் அனுப்பினதே நாங்கதான். பழைய நம்பர காட்டச் சொல்லி எழுதினது நான்தான்.”

நான் காப்பாற்றி வைத்திருந்த பேரை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஏழுமலை அவர் எதிரில் போய் நின்றார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன்.

“திண்டிவனத்துல இல்லன்னு தெரிஞ்சது கூட பெரிசா இல்லங்க” என்றார் ஏழுமலை. “அந்தப் பஞ்சர் கடைல நின்னேன் பாருங்க. வண்டி ஸ்டார்ட்லயே இருக்குது. ரத்தத்தத் தேடி முன்னால போறதா, உசுரு போறதுக்குள்ள பாத்துடலாம்னு திரும்பிப் போறதா, ஒண்ணும் தெரியல. அப்படி ஒருத்தன நிக்க வைக்காதீங்க. தெரியலன்னா தெரியலன்னு முதல்லயே போட்டுடுங்க. நாங்க தேடிக்குவோம்.”

ஏழுமலை கீழே இறங்கிப் போன பிறகு, மேனேஜரைக் கேட்காமல், ‘தெரியவில்லை’ என்ற அந்த வார்த்தையைப் பழைய எண்ணைக் காட்டச் சொல்லி எழுதியவரே பக்கத்தில் எழுதி வைத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துத் தலையாட்டினோம். சோதனைகள் தேறின.

அந்த வார்த்தைதான் உங்களுக்கு அசிங்கமாகத் தெரிகிறது. கோடு அழகாகத்தான் இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நர்சிங் ஹோம் வாசலில் வண்டிச் சாவியோடு நிற்கிறவர் அந்தக் கோட்டைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார் என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை எழுதியவர் இப்போதும் உங்களோடு அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று தேடாதீர்கள்.

நான் ரிடையர் ஆகியும் தினமும் காலையில் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். பச்சையா சிவப்பா என்று பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு எண் நகரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் டீ ஆறிவிடும்.